சொந்தக்காரர் இல்லாத நாடு

"தொப்பி உங்களுக்கு நல்லா எடுப்பா இருக்குது, கேதீஸ் அண்ணை."

சிட்னியின் பரமட்டாவில் கூடாரமும் மலையேறும் சப்பாத்தும் விற்கிற கடை அது. தமிழர் எவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று தேடிப் பிடித்த இடம். தலையில் அகலத் தொப்பியும் தோளில் இரண்டு காக்கிக் காற்சட்டையுமாகக் கண்ணாடி முன் நின்ற கேதீஸ்வரன், கண்ணாடிக்குள்ளேயே யோகாவைக் கண்டார்.

வேறு யாராக இருந்தாலும் சமாளித்திருக்கலாம். தமிழர் கூடி வாழும் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனடியில் ஒருவர் தும்மினால், அவர் ஏறிய ரயில் பரமட்டாவை அடைவதற்குள் கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல்லி நாலு பேர் போன் எடுப்பார்கள். அந்தச் சேவைக்குப் பெயர்தான் யோகா.

"என்ன அண்ணை, எங்கையும் பயணமோ?"

"பயணமோ? சீச்சீ! இது... கோயில் துப்புரவாக்கிற சிரமதானத்துக்கு. காக்கியெண்டால் ஊத்தை தெரியாதெல்லே."

"ஓ." யோகா கூடையை மற்றக் கைக்கு மாற்றினாள். "நான் சும்மா ஒரு டோர்ச் பாக்க வந்தனான். வாறன் அண்ணை, இவர் கார்ல பாத்துக்கொண்டிருக்கிறார்."

'இவர்' என்றால் அவளுடைய புருஷன் சச்சிதானந்தன். அவர் பேசிக் கேட்டவர்கள் சிட்னியில் குறைவு. இரண்டு பேருக்குமான பேச்சை யோகாவே பேசிவிடுவதால் அவருக்கு அந்த வேலை இருக்கவில்லை.

யோகா விறுவிறென்று வெளியே போனாள். ஒலிபரப்பப் போகிறாள் என்று கேதீஸ்வரன் பெருமூச்சு விட்டார்.

வீட்டில் மனைவி இரஞ்சிதம் வாசலிலேயே காத்து நின்றாள்.

"நீலமும் கறுப்பும் எடுக்கேல்லைத்தானே? அதுகளுக்கு அங்கத்தைய ஈ வந்து கடிக்குமாம்."

"எல்லாம் காக்கிதான். ஆனா யோகா கண்டிட்டா."

"ஐயோ! தன்சானியா எண்டு சொல்லிப்போட்டியளோ?"

"எனக்கென்ன விசரோ?"

இரஞ்சிதம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அவளுடைய பயத்தில் நியாயம் இருந்தது.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர்கள் போகாத நாடில்லை, பார்த்த நாடும் இல்லை. லண்டன் என்றால் இரஞ்சிதத்தின் அக்கா வீட்டு சோபா. ரொறன்ரோ என்றால் கேதீஸ்வரனின் தங்கை தாட்சாயினி வீட்டு நிலவறை. பாரிஸில் ஒரே நாளில் மூன்று வீடுகளில் மத்தியானச் சாப்பாடு. ஈபிள் கோபுரத்தை ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்குப் போகிற வழியில், கார்க் கண்ணாடிக்குள்ளால், கையில் பலகாரத் தட்டோடு பார்த்தார்கள். "ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டுக்குப் போகாமல் வந்தால் கதை வரும்" என்பதே அவர்களுடைய பயண வழிகாட்டி.

இந்த வருடம் கேதீஸ்வரன் ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஒரே ஒரு தரம், இரண்டு பேர் மட்டும், ஒருவரையும் தெரியாத ஒரு நாட்டுக்குப் போவது என்று முடிவெடுத்தார்கள். உலகப் படத்தை மேசையில் விரித்துத் தேடினார்கள். கென்யா கிட்டத்தட்டச் சரிவந்தது. ஆனால் நைரோபியில் இரஞ்சிதத்தின் மச்சாளுடைய சம்பந்தி கணக்காளராக இருந்தார். விரல் ஒரு அங்குலம் கீழே இறங்கியது. தன்சானியா! யாருமே இல்லை. இரஞ்சிதம் சின்னப்பிள்ளை மாதிரிக் கை தட்டினாள்.

"யானை, சிங்கம், வரிக்குதிரை... ஒண்டுக்கும் எங்களைத் தெரியாது, என்னப்பா!"

"ஒரு சிங்கமும் 'சாப்பிட்டிட்டுத்தான் போகோணும்' எண்டு மறிக்காது."

"அது தான் சாப்பிடப் பாக்கும்."

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

ஆகவே இரகசியம் காக்கவேண்டும். தெரிந்தால் ஒருவர் பார்சல் தருவார், ஒருவர் தானும் வருகிறேன் என்பார். எல்லாவற்றிலும் கொடியது, யாராவது அங்கே ஒரு சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பயந்தே சிட்டியில் பயண முகவராக இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் பயணத்தைப் பதிவு செய்தார்கள்.

அன்று பின்னேரமே போன் வந்தது. கோயில் செயலாளர் இந்திரகுமார்.

"அண்ணை, நீங்கள் சிரமதானத்துக்கு உடுப்பே வாங்கிப்போட்டியளாம்! யோகாக்கா சொன்னவ. எனக்கு அப்பிடியே புல்லரிச்சுப்போச்சு. நாங்கள் யோசிக்கவே இல்லை. வாற சனிக்கிழமை வைப்பம், நீங்கள்தான் தலைமை!"

சனிக்கிழமை கேதீஸ்வரன் சிங்கம் பார்க்க வாங்கிய காற்சட்டையோடு கோயில் வடிகானுக்குள் இறங்கினார். பிறகு மதிலுக்கு வர்ணம் அடித்தார். சிவப்பும் வெள்ளையும். காக்கியில் ஊத்தை தெரியாது என்பது உண்மைதான், வர்ணம் நன்றாகத் தெரிந்தது.

அடுத்தது ஊசி. பயணப் பெண் சொல்லியிருந்தாள்: டைபோயிட் ஊசி போடவேண்டும், மலேரியாக் குளிசை புறப்படுமுன்பே தொடங்கவேண்டும். வழக்கமான தமிழ் டொக்டரிடம் போனால் காத்திருக்கும் அறை முழுக்கத் தெரிந்த முகம். கேதீஸ்வரன் லிட்கம்மில் ஒரு கொரிய டொக்டரைப் பிடித்தார்.

கதவைத் திறந்தால் மூலைக் கதிரையில் யோகா. ஒரு சஞ்சிகையால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். மறைந்திருந்து நோட்டம் விடுகிறாளே என்று கேதீஸ்வரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி ஓடலாம் என்று நினைப்பதற்குள் சஞ்சிகை கீழே இறங்கிவிட்டது.

"அண்ணை... நீங்கள் என்ன இஞ்ச?"

"ஒரு சின்னச் சோதனை. பயப்பிட ஒண்டுமில்லை."

"இவ்வளவு தூரம் வந்தோ?"

"இவர் அதில கெட்டிக்காரர்."

"எதில அண்ணை?"

"பாப்பம்" என்றார் கேதீஸ்வரன், கூரையைப் பார்த்துக்கொண்டு.

அந்தப் 'பாப்பம்' செய்த வேலையை மறுநாள் கண்டார்கள். காலையில் முருங்கையிலைக் கஞ்சி வந்தது. மத்தியானம் வல்லாரைச் சம்பல் வந்தது. பின்னேரம் இந்திரகுமார் விபூதிப் பொட்டலத்தோடு வந்து, கேதீஸ்வரனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்டுமில்லைத் தம்பி."

"அப்பிடித்தான் சொல்லுவியள். உங்கட மனத்தைரியம் ஆருக்கு வரும்? யோகாக்கா எல்லாம் சொன்னவ. நீங்கள் தனிய நிண்டு கலங்கினதால, துணைக்கு அவவும் லிட்கம் வந்தவவாம்."

"துணைக்கோ?" கேதீஸ்வரனுக்கு இரத்தம் கொதித்தது. "என்ன புளுகு இது!"

"கோபப்படாதேங்கோ, உடம்புக்குக் கூடாது" என்றார் இந்திரகுமார்.

அந்த நேரம் பார்த்து இரஞ்சிதம் பழைய நூல் சீலைகளை வெட்டித் தைத்துக்கொண்டிருந்தாள். அதற்கும் காரணம் இருந்தது. தன்சானியாவுக்குள் பிளாஸ்டிக் பை கொண்டுபோகக் கூடாது, விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள் என்று பயணப் பெண் எச்சரித்திருந்தாள். இரஞ்சிதம் பயணப்பெட்டி அடுக்கினால் உடுப்பு ஒரு பிளாஸ்டிக் பை, சப்பாத்து ஒரு பை, மிளகாய்த்தூள் பைக்குள் பைக்குள் பை. குசினி இழுப்பறையில் அவள் சேர்த்து வைத்திருந்த பைகளைப் போட்டே ஒரு கூடாரம் அடிக்கலாம். இப்போது ஒவ்வொன்றுக்கும் துணிப்பை தைக்கவேண்டியிருந்தது.

இந்திரகுமார் வெட்டுப்பட்ட சீலைகளைப் பார்த்தார். பக்கத்தில் பாதி அடுக்கிய சின்னப் பையைப் பார்த்தார். வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வெளியே போனார். இரஞ்சிதம் அக்கா ஆஸ்பத்திரிக்குப் பை அடுக்கிவிட்டா, இனி எதுக்கெண்டு நல்ல சீலைகளையும் வெட்டிப்போட்டா என்று அன்றிரவே செய்தி கடல் கடந்தது.

ரொறன்ரோவிலிருந்து தாட்சாயினி போனில் விம்மினாள்.

"அண்ணா, எனக்கு ஏன் சொல்லேல்லை? நான் டிக்கெட் பாக்கிறன். லண்டனில அண்ணியின்ர அக்கா ஆக்களும் வெளிக்கிடினம். இருபதாம் திகதி எல்லாரும் சிட்னியில நிப்பம்!"

இருபதாம் திகதிதான் விமானம். கேதீஸ்வரன் கதிரையில் இருந்துவிட்டார். சொந்தக்காரர் இல்லாத நாடு தேடிப் போனால், இருக்கிற அத்தனை சொந்தமும் அள்ளுப்பட்டு வீட்டுக்கே வருகிறது.

"உண்மையைச் சொல்லிவிடுவமோ?" என்று கேட்டார்.

இரஞ்சிதத்தின் முகம் சுருங்கியது. "சொன்னா எல்லாரும் அங்க வருவினம். நான் அங்கயும் சமைக்கவேண்டி வரும்" என்றாள். அவள் அழவில்லை, ஆனால் தையல் மெஷினை நிறுத்திவிட்டாள். என்ன நடந்தாலும் இவளைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு யானையைக் காட்டியே தீருவது என்று அந்த நிமிடத்தில் கேதீஸ்வரன் சபதம் எடுத்தார்.

போனைத் திரும்ப எடுத்தார். "தங்கச்சி, பயப்பிடாதை. உடம்பு வருத்தம் மாறுது. டொக்டர் இரண்டு கிழமை பூரண ஓய்வு எண்டு சொல்லிப்போட்டார். புளூ மவுண்டன்ஸ் மலைப்பக்கம் ஒரு இடம். போன் இல்லை, ஒருத்தரும் பாக்கவும் வரக்கூடாது. நான் வந்தபிறகு நீங்கள் வாங்கோ."

தாட்சாயினி அடங்கினாள். லண்டனும் அடங்கியது. கேதீஸ்வரன் வெற்றிப் பெருமிதத்தோடு கஞ்சி குடித்தார்.

இருபதாம் திகதி காலை. அங்கே காட்டுக்குள் சின்ன விமானத்தில் ஏற்றுவதால் பை மெத்தென்று, உருட்டும் சில்லு இல்லாமல், பதினைந்து கிலோவுக்குள் இருக்கவேண்டும். தராசு கொஞ்சம் கூடக் காட்டியது.

"விடியக் காலமை அங்க குளிருமாம். ஸ்வெட்டர் வேணும்" என்றார் கேதீஸ்வரன். "அப்ப மிளகாய்த்தூளை வெளிய எடுப்பமோ?"

"ஸ்வெட்டரை வெளிய எடுங்கோ" என்றாள் இரஞ்சிதம்.

அப்போது வாசலில் ஹோர்ன் கேட்டது. இந்திரகுமாரின் வான் வண்டி.

"உங்களை ரயில்ல விடுவனோ அண்ணை? மலை வரைக்கும் நான் கொண்டுபோய் விடுறன். ஏறுங்கோ!"

மறுக்க வழியில்லை. விமான நிலையம் கிழக்கே இருக்க, வான் மேற்கே ஓடியது. வழி நெடுக இந்திரகுமார் தேவாரம் போட்டார். ஒவ்வொரு பதிகத்துக்கும் விமான நிலையம் இன்னும் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. கட்டூம்பா ஸ்டேஷனில், "இதில விடுங்கோ தம்பி, ஓய்விடத்து ஆக்கள் வந்து ஏத்துவினம்" என்று கெஞ்சி இறங்கினார்கள். இந்திரகுமார் இரண்டு பேருக்கும் நெற்றி நிறைய விபூதி பூசி, ஒரு பிளாஸ்டிக் பையில் கஞ்சிப் போத்தலும் கொடுத்து, கண்ணைத் துடைத்தபடி போனார்.

வான் வளைவில் மறைந்ததுதான் தாமதம், வருத்தக்காரர் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு சிட்டி ரயிலுக்கு ஓடினார்.

"ஓடாதேங்கோ, வருத்தமெல்லே!" இரஞ்சிதம் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள்.

ரயில் வந்த வழியே திரும்பி இறங்கியது. வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனை நிற்காமல் கடந்தபோது இரண்டு பேரும் சீற்றுக்குக் கீழே குனிந்தார்கள். எதிரே இருந்த கிழவர் ஒருவர், ஏதோ நடக்கப் போகிறது என்று தானும் குனிந்தார். சென்ட்ரலில் ரயில் மாறி, மூச்சிரைக்க விமான நிலையத்துக்குள் பாய்ந்து, டோகா ஊடாகத் தன்சானியாவின் கிளிமஞ்சாரோ போகிற வரிசையில் நின்றபோதுதான் கேதீஸ்வரனுக்கு உயிர் வந்தது.

"முடிஞ்சுது, இரஞ்சி. இனி எங்களை ஆருக்கும் தெரியாது."

இரஞ்சிதம் அவருடைய கையைப் பிடித்தாள். இத்தனை வருடத்தில் பொது இடத்தில் அவள் கை பிடித்தது அதுதான் முதல் தடவை. வர்ணம் பட்ட காக்கிக் காற்சட்டையோடு கேதீஸ்வரன் ஒரு ராஜா மாதிரி நிமிர்ந்தார்.

முன்னால் நின்ற சோடியும் தலை முதல் கால் வரை காக்கி. அகலத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சில்லு இல்லாத மெத்தென்ற பை. பைக்குள்ளிருந்து ஒரு டோர்ச் தலை நீட்டிக்கொண்டிருந்தது. வரிசை நகர, அந்தப் பெண் பையைத் தூக்கத் திரும்பினாள். கறுப்புக் கண்ணாடி மூக்கில் வழுகியது.

யோகா.

கஞ்சிப் போத்தல் பிளாஸ்டிக் பைக்குள் சரிந்து மெல்ல ஒழுகியது. கேதீஸ்வரன் வாயைத் திறந்தார், பொய் ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. யோகாவிடமும் இருக்கவில்லை. சிட்னியில் யாருமே கேட்டிராத குரலில் சச்சிதானந்தன்தான் பேசினார்.

"நீர் சொன்னது சரிதானப்பா, யோகா! கடைக்கு வந்தார், டொக்டரிட்டை வந்தார், இப்ப இஞ்சயும் வந்திட்டார். இந்த மனுசன் எங்களைத்தான் சி.ஐ.டி. பாக்கிறார்!"