பதினாறால் பெருக்குகிறவர்

மழை பெய்தால் சிலர் நனைவார்கள், சிலர் ஒதுங்குவார்கள், சிலர் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவார்கள். ஒருவர் மட்டும் வாசலில் ஒரு டம்ளரை வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பார். அவரை உங்களுக்குத் தெரியும். கோயில் பொங்கலை வாயில் போடுமுன் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேட்பவர். நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தைத் தொடாமல் வருகைப் பதிவேட்டைப் புரட்டுகிறவர். சாவு வீட்டில் துக்கம் விசாரித்த கையோடு மாலைகளை எண்ணிவிட்டு, செத்தவர் மதிப்பான ஆள்தான் என்று சான்றிதழ் தருகிறவர். இந்த இனத்துக்குப் பயன் அளப்பவர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

எங்கள் கள்ளக்குறிச்சியில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி அடைந்த மாதிரி, என் அடுத்த வீட்டு ஆதிமூலம் சார். புள்ளிவிவரம் எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம், வயலில் ஒரு துண்டு இடத்தில் நாலு முளை அடித்து, கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததை மட்டும் அறுத்து எடைபோட்டு, அதைப் பெருக்கி ஊர் முழுவதற்கும் விளைச்சல் சொன்னவர். நெல்லுக்கு அது சரி. நெல் நட்ட இடத்தில் நிற்கும். மனிதர்கள் நிற்பார்களா?

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. காலையில் கிளம்பிய பஸ் எங்கே நிற்கும் என்று ஓட்டுநருக்கே தெரியாது. உளுந்தூர்பேட்டை சாலையில் வியாபாரிகள் சங்கத்துக்கு வேர்க்கடலை மூட்டை அடுக்கிய ஒரு பழைய மல்லாட்டைக் கிடங்கு இருந்தது. அதைக் கலைஞர்கள் மூன்று பேருக்கு ரொம்பக் கம்மி வாடகைக்கு விட்டிருந்தார்கள். போர்டு எழுதும் ராயப்பன், தெர்மோகோலில் மேடை அலங்காரம் செய்யும் எஸ்தர், பேண்டு செட்டு சின்னதுரை. ராயப்பன் போராட்டக்காரர்களுக்குப் பேனர் எழுதுவான். அமைதி காக்கச் சொல்லி அரசாங்கம் கேட்ட பேனரையும் அதே வாளிச் சிவப்பில் எழுதுவான். இரண்டும் ஒரே கொடியில் காயும். சண்டை போட்டுக்கொண்டதில்லை.

அந்தக் கிடங்கின் மீது ஒரு உர வியாபாரிக்குக் கண். சங்கத்தில் பேச்சு கிளம்பியது. படம் போடுகிறவனுக்கும் ஊதுகிறவனுக்கும் இடம் கொடுத்து ஊருக்கு என்ன பயன்? அளந்து சொல்ல ஆதிமூலம் சார் இருக்கிறாரே. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அறிக்கை. அதைப் பார்த்து முடிவு.

கிடங்கு போனால் ராயப்பனுக்குத் தெருதான். அவன் வீடு ஒன்பது அடி நீளம், எழுத வரும் போர்டு பத்து அடி. கிடங்கு கிடைக்குமுன் கடைசி எழுத்தைத் தெருவில்தான் எழுதினான். ஈரம் காய்வதற்குள் ஆடு வந்து நக்கிவிட்டுப் போகும். ஒரு ஜவுளிக்கடை போர்டு அப்படித்தான் வாலில்லாமல் போய்ச் சேர்ந்தது.

வியாழன் காலை சார் வந்தார். தரையைச் சுண்ணாம்புக்கட்டியால் பதினாறு கட்டமாகப் பிரித்தார். சீட்டுக் குலுக்கினார். தண்ணீர்ப் பானை இருந்த மூலை விழுந்தது. சிமெண்டில் முளை இறங்காதே. காலி பெயின்ட் டப்பா நாலை வைத்துக் கயிறு கட்டி, நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

“சார், நான் எழுதறது இங்க. நீங்க பானையப் பாத்துக்கினு உக்காந்தா எப்படி?” என்றான் ராயப்பன்.

“குலுக்கல்ல வந்தது இதுதான்.”

“இன்னொரு வாட்டி குலுக்குங்க.”

“அப்படிக் குலுக்கினா அது மோசடி, ராயப்பா.”

நேர்மையான மனிதர். அதுதான் பயமே.

அன்று கயிற்றுக்குள் வந்தது ராயப்பன் இரண்டு தடவை, எஸ்தர் ஒரு தடவை, எல்லாம் தண்ணீர் குடிக்க. குட்டி போட்ட பூனை ஒன்று மூன்று குட்டிகளோடு அங்கேயே கிடந்தது. படிவத்தில் பூனைக்குக் கட்டம் இல்லை. பயனடைந்தோர், மூன்று.

“போச்சுடா. உர மூட்டை வந்துடுச்சுன்னு வெச்சிக்க,” என்று சின்னதுரை ஊதுகுழலை உறையில் போட்டான்.

வெள்ளிக்கிழமை காலை, சாரின் மனைவி கமலாம்மா அவருக்குக் கொடுத்தனுப்பிய இட்லித் தூக்கோடு நான் போனேன். கிடங்குக்குச் சற்றுத் தள்ளிச் சாலையில் மரம் கிடந்தது. மறியல். இரண்டு பஸ் நின்றுவிட்டன. ஒன்றில் கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம். திருநாவலூர்க் கோயிலில் தாலி கட்டப் போகிறவர்கள். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. பெண்ணின் அம்மா சாலையோரம் உட்கார்ந்து அழுதாள்.

எஸ்தர் போய் அவள் தோளைத் தொட்டாள். “எழுந்திருங்கம்மா. எங்க கிடங்குல வளைவு ரெடியா கீது. கட தொறக்கறவங்களுக்குச் செஞ்சது, கல்யாணத்துக்கு ஒத்துக்காதா இன்னா?”

வளைவில் ‘திறப்பு விழா’ என்று எழுத்து ஒட்டியிருந்தது. ‘திறப்பு’ என்பதை மட்டும் பிடுங்கிவிட்டு ‘விழா’வை விட்டுவைத்தாள். ராயப்பன் மணமக்கள் உட்கார ஒரு பலகையில் வர்ணக் கோலம் தீட்டி, ஈரத்தை விசிறியால் விரட்டினான். மரம் போட்டவர்களிலேயே இரண்டு பேர் வந்து வாழைமரம் கட்டினார்கள். பெண்ணின் மாமா தாலி எடுத்துக் கொடுக்க, சின்னதுரையின் பேண்டு முழங்க, எல்லாம் ஆறாவது கட்டத்துக்கும் பதினோராவது கட்டத்துக்கும் நடுவில் நடந்தது.

சார்? மூலையில் இருந்தார். வெயிலில் வந்த கூட்டம் முழுக்கப் பானைக்கு வந்தது. அவர் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

பெண்ணின் அம்மா அட்சதைத் தட்டோடு வந்து, “ஐயா, பெரியவங்க நீங்க, ரெண்டு போட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க,” என்றாள்.

“கயிற்றைத் தாண்டக் கூடாதும்மா. நூத்தி நாப்பத்தொண்ணு. தள்ளுங்க, மறைக்குது.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் இட்லித் தூக்கைப் பார்த்தேன்.

ஞாயிறு கூட்டத்தில் சார் எழுந்து வாசித்தார். வியாழன் மூன்று, வெள்ளி நூற்று எண்பத்தேழு, ஆக நூற்றுத் தொண்ணூறு. கட்டம் பதினாறு. பெருக்கினால், இரண்டு நாளில் பயனடைந்தோர் மூவாயிரத்து நாற்பது பேர். சங்கம் வாயைப் பிளந்தது. உர வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். “இன்னா பயன் சார் அடைஞ்சாங்க?”

“குடிநீர்.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கிடங்கில் இன்னும் இரண்டு பானை வைப்பது. பானைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும் என்பதால் கலைஞர்கள் மூவரும் பழைய வாடகைக்கே அங்கு இருந்துகொள்வது. கல்யாணம் அறிக்கையில் இல்லை. கயிற்றுக்கு வெளியே நடந்தது.

ராயப்பன் அன்றைக்கே ‘குடிநீர்’ என்று பத்தடி நீளத்துக்கு ஒரு போர்டு எழுதி வாசலில் மாட்டினான். கடைசி எழுத்து முழுசாக இருந்தது.

சார் வீட்டுக்கு வந்து வெற்றியைச் சொன்னபோது கமலாம்மா முறத்திலிருந்து நிமிரவில்லை. “முப்பது வருசமா இந்த வூட்ல ஆக்கிப் போட்டுக்கினு இருக்கேன். எந்த மூலைல கயிறு கட்டிப் பாத்தீங்க?” என்றார். சார் சற்று யோசித்தார். கூடத்தை எத்தனை கட்டமாகப் பிரிக்கலாம் என்றுதான் யோசித்தார் என்பது என் ஊகம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மேலே கணக்கு வந்த இடத்தில், மூன்றும் நூற்று எண்பத்தேழும் நூற்றுத் தொண்ணூறுதானா, பதினாறால் பெருக்கினால் சரியாக வருகிறதா என்று மனசுக்குள் ஒரு தடவை போட்டுப் பார்த்தீர்கள் இல்லையா? கல்யாணப் பெண்ணின் பெயரை நான் கடைசிவரை சொல்லவே இல்லை. கேட்கத் தோன்றியதா உங்களுக்கு?