நாற்பத்து மூன்று முகங்கள்

பதினோரு மணிக்குப் படம் ஓட வேண்டும். பத்தரைக்கு நாற்பது நாற்காலிகளும் காலியாக இருந்தன.

பக்கத்துக் கட்டிடத்து இன்சூரன்ஸ் ஆபீஸ்காரர்கள் வந்து பார்ப்பதாகத்தான் ஏற்பாடு. திடீரென்று மேலதிகாரி வந்து இறங்கிவிட்டார், ஒருவராலும் அசைய முடியாது என்று போன் வந்தது. மேனேஜர் போனை வைத்தார்.

அவருடைய முதலாளி பதினோரு படம் எடுத்தவர். ஒவ்வொரு படத்தையும் முதலில் போட்டுக் காட்டும்போது நண்பர்கள் அவரைக் கட்டிப்பிடித்து, படம் பிய்த்துக்கொண்டு போகும் என்றார்கள். மூன்றாம் நாளே அது தியேட்டரை விட்டுப் பிய்த்துக்கொண்டு போனது. பதினோரு தடவையும் முதலில் கை தட்டியவர் மேனேஜர்.

வேறொருவராக இருந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதலாளி ஐம்பத்து நான்கு வயதில் கம்ப்யூட்டர் படித்தார். தன்னிடம் சொல்லப்பட்ட அத்தனை பொய்களையும் மூலதனமாகப் போட்டு ஓர் இயந்திரம் செய்தார். திரைக்குக் கீழே சின்னக் கேமரா. அது பார்க்கிறவர்களின் முகத்தைப் படித்து, எங்கே சிரித்தார்கள், எங்கே கொட்டாவி விட்டார்கள் என்று பக்கத்து டிவியில் எழுதும். முதல் தடவை அதைக் கண்டபோது மேனேஜருக்கு உடம்பு சிலிர்த்தது. கடவுளே டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

இன்று அதைப் பார்க்க, முதல் போடும் கம்பெனியிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். "இன்னிக்கு சொதப்பினா கடையைக் கட்டிட வேண்டியதுதான் மேனேஜரே" என்று முதலாளி காலையில் சொல்லியிருந்தார்.

கூட்டம் இல்லையென்றால் என்ன செய்வது? இருபத்திரண்டு வருட சினிமாப் பழக்கம் மேனேஜரின் விரலைத் தானாகவே ஒரு நம்பருக்குக் கொண்டுபோனது. துணை நடிகர்களை அனுப்பும் ஏஜென்ட் அக்கா, "நாப்பது பேர்தானே, பத்து நிமிஷத்துல வருவாங்க தம்பி" என்றாள்.

வந்தார்கள். வேறொரு படப்பிடிப்பிலிருந்து அக்காவோடு அப்படியே வந்தார்கள். இருபது பேர் போலீஸ்காரர்கள். மீதி இருபது பேர் தலை முதல் கழுத்து வரை கட்டுப் போட்ட நோயாளிகள்.

"முகமே தெரியலையே அக்கா."

"ஆஸ்பத்திரி சீனுப்பா. மூஞ்சி தெரிஞ்சா கூலி கூட."

மேனேஜரே உட்கார்ந்து கட்டுகளை அவிழ்த்தார். போலீஸ் சட்டைகளைத் திருப்பிப் போட்டுக்கொள்ளச் சொன்னார். பிறகு, நன்றாகச் சிரிக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தார்.

முன்னால் தனியாகப் போட்ட மூன்று நாற்காலிகளில் கோட்டு போட்ட மூவரும் வந்து உட்கார்ந்தார்கள்; முதலாளி டிவி பக்கத்தில் நின்றுகொண்டார். விளக்கு அணைந்தது. பெயர் போடும்போதே நாற்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தயாரிப்பாளர் பெயருக்கு ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கதவோரம் நின்ற மேனேஜர் பதறி, கொஞ்சம் அடக்கி வாசிக்கும்படி அக்காவிடம் கிசுகிசுத்தார். அக்கா கையைத் தாழ்த்தினாள். கூட்டம் கப்பென்று உறைந்தது. சண்டைக் காட்சியில் பிணமாகக் கிடந்து பழகியவர்கள். மூச்சு விடுவது கூடத் தெரியவில்லை. காமெடிக் காட்சி முழுவதும் அறையில் மயான அமைதி.

மேனேஜர் கையை மேலே தூக்கிக் காட்டினார். அந்த நேரம் பார்த்துத் திரையில் கதாநாயகனின் அம்மா கண்ணை மூடினாள். நாற்பது பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

டிவி ஒரு தடவை கறுத்தது. பிறகு பெரிய எழுத்தில் ஒரு வரி வந்தது. அப்படி ஒரு வரி அதற்குத் தெரியும் என்பதே மேனேஜருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பார்ப்பவர்கள்: 43. நடிப்பவர்கள்: 43.

 தொலைந்தோம் என்று மேனேஜர் நினைத்தார். ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவிலும் கை கூப்பத் தோன்றியது. பதினோரு படத்திலும் ஒரு பொய்யைக் கூடக் கண்டுபிடிக்கத் தெரியாத மனிதர், பொய்யைக் கண்டுபிடிக்கும் கண்ணைச் செய்திருக்கிறாரே.

கோட்டுக்காரர்களில் மூத்தவர் எழுந்து கை தட்டினார். இப்படி ஒரு இயந்திரத்தைத்தான் இத்தனை நாளாகத் தேடினோம் என்று கணீரென்று சொல்லிவிட்டு, மற்ற இருவரோடும் வெளியே போனார்.

முதலாளி டிவியை வெகுநேரம் பார்த்தார். பிறகு திருப்பிப் போட்ட போலீஸ் சட்டைகளைப் பார்த்தார். கடைசியாக மேனேஜரைப் பார்த்துச் சிரித்தார்.

"நாளைக்காவது அந்த இன்சூரன்ஸ்காரங்களைக் கூட்டிட்டு வாய்யா."

நாளைக்கு எதற்கு என்று மேனேஜருக்கு விளங்கவில்லை. பிழைத்ததே போதும் என்று வராந்தாவுக்கு வந்து எல்லோருக்கும் டீ கொடுத்தார். நாற்பது டம்ளரை எண்ணி வைத்தபோதுதான் அது உறைத்தது.

"மெஷின் அபாரம்தான் அக்கா. ஆனா கணக்குல ஒரு சின்னத் தப்பு. நம்ம ஆளுங்க நாப்பது பேர்தானே? அந்தக் கோட்டுக்காரங்களையும் சேர்த்து நடிக்கிறாங்கன்னு போட்டுடுச்சு."

அக்கா டீயை ஊதிக் குடித்தாள்.

"அந்த மூணு பேரும் நான் அனுப்பின ஆளுங்கதான் தம்பி. நிஜமானவங்க நாளைக்குத்தான் வர்றாங்களாம், இன்னிக்கு ஒத்திகைன்னு உங்க முதலாளி நேத்தே வந்து சொல்லிட்டுப் போனாரு. 'மேனேஜருக்கு மட்டும் தெரிய வேணாம், தெரிஞ்சா ஊருக்கு முன்னாடி கை தட்டிடுவாரு'ன்னாரு."