சத்தமில்லாத ரூம்

"தம்பி, கட்டிலுக்கு அடியில பஸ் ஸ்டாண்டு இருக்குதா, இல்ல பஸ் ஸ்டாண்டுக்குள்ள கட்டிலப் போட்டுட்டீங்களா? அத்த மட்டும் சொல்லு" என்றார் சவரிமுத்து.

கள்ளக்குறிச்சியில் அந்த விடுதியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த மேனேஜர் இளவரசன் நிதானமானவன். "பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்லன்னு போட்டிருந்ததப் பாத்துத்தான சார் புக் பண்ணீங்க?" என்று கேட்டான்.

"எதிர்லன்னா இப்பிடியா? சேலம், சேலம்னு ஒருத்தன் காதுக்குள்ளயே கத்திக்கினு இருக்கான். எம் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை பேச முடியல. வாயத் தெறந்தா, 'நாம சேலத்துக்கா போறோம்?'ன்றா."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த இரண்டு நாள் பயணமே. சவரிமுத்து உளுந்தூர்பேட்டைப் பக்கம் களமருதூர்க்காரர். கூட்டுறவுச் சங்க உரக்கிடங்கில் வேலை. மகள் டயானா நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் மிஞ்சியது இரண்டே பேர். அதில் ஒருவர்தான் பேசிக்கொண்டிருந்தார். இசபெல்லா "ம்" கொட்டுவாள். சில மாதங்களாக அந்த "ம்"மும் கம்மியாகிவிட்டது.

கோயிலில் பாட்டுப் பாடுகிறாள், குழாயடியில் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறாள், தன்னிடம் மட்டும் ஏன் வாயடைத்துப் போகிறாள் என்று சவரிமுத்து யோசித்துப் பார்த்தார். யோசித்ததையெல்லாம் அவளிடமே விளக்கமாகச் சொல்லியும் பார்த்தார். கடைசியில் காரணம் அவருக்கே பிடிபட்டது. வீட்டுச் சூழ்நிலை சரியில்லை. வெளியூர் போய், கையைக் கடிக்காத வாடகையில் அமைதியான ஓர் அறை எடுத்து, மனம்விட்டுப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும்.

"நீங்க மேல போயி பையக் கட்டுங்க. நான் வேற ரூம் கேட்டு வாங்கியாறேன்" என்றாள் பின்னால் வந்து நின்ற இசபெல்லா.

சமீபத்தில் அவள் அவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. பயணம் வேலை செய்கிறது என்று நினைத்தபடி சவரிமுத்து மாடிப்படி ஏறினார்.

புது அறை பின்பக்கம் இருந்தது. பஸ் சத்தம் துளியும் இல்லை. சந்தோஷமாக ஜன்னலைத் திறந்தார். நேர் கீழே ஒரு கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டு. கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. சிமெண்டுத் தரையில் இரண்டு பேர் ஓர் அண்டாவை அவசரமில்லாமல் இழுத்துக்கொண்டு போனார்கள்.

"அதாவது இசபெல்லா," என்று ஆரம்பித்தார், "நம்ம வாழ்க்கையில..."

"இன்னா?"

"வாழ்க்க! வாழ்க்க!"

"வாழக்கா அப்பவே நறுக்கியாச்சுண்ணே!" என்று கீழேயிருந்து பதில் வந்தது.

ஜன்னலைச் சாத்தினார். அண்டா இப்போது அறைக்குள்ளேயே உருளுவதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் இசபெல்லா பச்சைக் குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். பாவம், என்ன அசதியோ என்று போர்வையை இழுத்துவிட்டார். அவருக்குத்தான் விடியும்வரை தூக்கம் வரவில்லை.

மறுநாள் கல்வராயன் மலைக்குக் கிளம்பினார்கள். பஸ்ஸில் நல்ல காற்றுவரும் இடங்கள் நிறைய காலியாக இருந்தும் இசபெல்லா இன்ஜினை ஒட்டிய சீட்டைப் பிடித்தாள். மலை ஏறும்வரை அது உறுமியது. சவரிமுத்து பேசினார். இசபெல்லா மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெரியார் அருவியில் தண்ணீர் தாராளமாகக் கொட்டியது. அவள் நேராகப் போய் அதன் அடியில் நின்றுகொண்டாள். இவர் எதிர்ப்பாறையில் உட்கார்ந்து, கல்யாணமான நாளிலிருந்து தொடங்கி, தன் பக்கத்து நியாயங்களை வரிசையாக எடுத்துச் சொன்னார். அவள் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று கையை ஆட்டினாள். பிறகு சிரித்தாள். வாய் நிறையச் சிரித்தாள்.

அவள் தன்னைப் பார்த்து இப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று! சவரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதிலேயே அவளை இப்படி நாலு இடத்துக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும் என்று தோன்றியது. பக்கத்தில் குளிக்க வந்தவர்களெல்லாம் துவட்டிக்கொண்டு போன பிறகும் அவள் அருவியை விட்டு வெளியே வரவில்லை.

வெள்ளிமலையில் திரும்புகிற பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான் உண்மையான அமைதி வாய்த்தது. இலை அசைகிற சத்தம் கேட்டது. சவரிமுத்து தொண்டையைச் செருமினார்.

"அதாவது இசபெல்லா..."

அவள் சட்டென்று எழுந்து, சற்றுத் தள்ளிச் சாமையும் தினையும் விற்றுக்கொண்டிருந்த பாவாயி என்ற பெண்ணிடம் போனாள். சாமைக்கு எவ்வளவு தண்ணி வைக்கணும், தினையில தோசை வருமா, மழை ஜாஸ்தியா என்று பஸ் வரும்வரை ஓயாமல் கேட்டாள். பையில் இடமில்லாத அளவுக்குச் சாமை வாங்கினாள்.

சாயங்காலம் விடுதிக்குத் திரும்பினால், மண்டபத்தில் பெண் அழைப்பு. சமையற்கட்டில் அண்டாக்கள் பெருகியிருந்தன.

"இன்னைக்கும் விட்டா வேற நாளு இல்ல," என்றார் சவரிமுத்து. "நாளைக்குக் காலைல ஊருக்குப் போவணும். நான் போயி அந்தத் தம்பிய நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க டென்ஷன்? நானே போறேன்" என்று இசபெல்லா படியிறங்கினாள். சாவியோடுதான் வந்தாள்.

மூன்றாவது அறையில் பஸ்ஸும் இல்லை, அண்டாவும் இல்லை. சவரிமுத்து கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இசபெல்லா எதிரே தலையணையைச் சரிசெய்துகொண்டாள். அவர் வாயைத் திறந்த நேரத்தில் சுவருக்கு அந்தப்பக்கம் டிரம்பெட் ஒன்று பிளிறியது. கூடவே டிரம்ஸ். பக்கத்து அறைகள் இரண்டிலும் மறுநாள் கல்யாணத்துக்கு வாசிக்க வந்த பேண்டு செட்டுக்காரர்கள் தங்கியிருந்தார்கள். பழகிப் பார்க்கிறார்களாம்.

சவரிமுத்து போய்க் கதவைத் தட்டினார். செட்டுக்குத் தலைவர் பகலவன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. நான் என் வூட்டுக்காரம்மாகிட்ட மனசு வுட்டுப் பேசலாம்னு வந்திருக்கேன். கொஞ்சம்..."

பகலவன் அவரை மேலே பேச விடவில்லை. இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இந்த வயசுல எவன்யா பொண்டாட்டியக் கூட்டினு வந்து மனசு வுட்டுப் பேசறான்? டேய், எல்லாரும் எழுந்து வாங்கடா! அண்ணனுக்கு ஒண்ணு வாசிப்போம்."

மொத்தச் செட்டும் மூன்றாவது அறையின் வாசலுக்கு வந்துவிட்டது. கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. ஒரு பாட்டு முடிந்ததும் சவரிமுத்து அவசரமாகக் கும்பிட்டார். இசபெல்லா கைதட்டினாள்.

"இன்னொண்ணு வாசிங்கண்ணே" என்றாள்.

காலையில் அவள் முகம் தெளிந்து கிடந்தது. உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் இடம் பிடிப்பதாகச் சொல்லி, சாமைப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். சவரிமுத்து சிவந்த கண்களோடு வரவேற்பு மேசையில் சாவியை வைத்தார். கோபப்படக்கூட அவரிடம் தெம்பு இல்லை.

"நீ நல்லா இரு தம்பி. ஆனா ஒண்ணு கேக்கறேன். இவ்ளோ பெரிய கட்டடத்துல, சத்தமில்லாத ரூம் ஒண்ணுகூடவா இல்லாமப் போச்சு?"

இளவரசன் அவரை விநோதமாகப் பார்த்தான்.

"மேல் மாடி முச்சூடும் காலியாத்தான் சார் கெடந்திச்சு, கொசு பறந்தாக்கூடக் கேக்கும். அக்காதான் ஒவ்வொரு வாட்டியும் கீழ எறங்கி வந்து, 'இன்னும் சத்தமா ஒரு ரூம் பாத்துக் குடு தம்பி, அவரு பேசறது இதுலயும் கேக்குது'ன்னு சாவி வாங்கினு போனாங்க."