மாட்டுக்கொட்டாயில் ஒரு பாரிஸ்

மரக்காணம்,
மே 2006

என் வணக்கத்துக்கும் பயத்துக்கும் உரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி பெண்டாட்டி அம்சவல்லி எழுதிக்கொள்வது. இங்கே மாமா, அத்தை, மூன்று வயது இலக்கியா, உப்பளத்து வெயில் எல்லாரும் சௌக்கியம். பாரிஸில் நீங்களும் அண்ணனும், உங்கள் வீட்டிலேயே தங்கி வேலைக்குப் போய்வரும் உங்கள் தம்பியும் சௌக்கியமா? எல்லாருக்கும் மேலாக, உங்கள் கீழ்வீட்டில் குடியிருக்கும் அந்தப் பெரியவர் சௌக்கியமா? நன்றாகத் தூங்குகிறாரா?

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னிக்கவும். அடிக்கடி பாரிஸுக்குப் போய் வந்துகொண்டிருந்ததில் நேரமே கிடைக்கவில்லை.

விசா எனக்கும் இலக்கியாவுக்கும் சேர்ந்தேதான் வந்தது. ஆனால் நீங்கள் போனில் சொன்ன புத்திமதியை நான் மறக்கவில்லை. பிள்ளை என்றால் ஓடும், குதிக்கும், கீழ்வீட்டுப் பெரியவர் துடைப்பக்கட்டையால் மேலே இடிப்பார், அதனால் நீ முதலில் வந்து செட்டில் ஆகிக்கொள், பிள்ளை ஒரு வருஷம் ஊரிலேயே இருக்கட்டும் என்றீர்கள். எவ்வளவு நியாயம்! முகம் தெரியாத ஒரு மனிதரின் தூக்கம் கெடக் கூடாது என்று யோசிக்கிற நல்ல மனசு எத்தனை பேருக்கு வரும்? நான் பி.காம். படித்தவள், எனக்கே தோன்றவில்லை பாருங்கள்.

சரி, பிள்ளைக்குத்தான் இடமில்லை, பெட்டியிலாவது எனக்கு இடம் இருக்கும் என்று நினைத்தேன். புது வீட்டுக்குள் முதலில் உப்பும் மஞ்சளும் போக வேண்டும் இல்லையா? "கடை உப்ப வாங்கினு எம்மருமவ புது வூட்டுக்குள்ள காலெடுத்து வைக்கறதா? உப்பளக்காரன் மானம் இன்னாத்துக்கு ஆவறது?" என்று மாமா, இந்த வருஷம் முதலில் வாரிய உப்பையே ஒரு மூட்டை கட்டிப் பெட்டியில் வைத்துவிட்டார். தூக்கிப் பார்த்தேன், இலக்கியா கனம் கனத்தது. புது உப்பு வடியாமல் இருக்குமா? ராவோடு ராவாகத் தண்ணி விட்டு, நீங்கள் அவசியம் வாங்கச் சொன்ன ஸ்வெட்டர் ஊறுகாயாகிவிட்டது. அதைக் கொடியில் காயப்போட்டால் அத்தை விடவில்லை. "அங்க குளுரு தாங்கணுமே, இப்பவே போட்டுப் பழகிக்கோ" என்றார். மே மாசத்தில், மரக்காணத்தில், ஸ்வெட்டர்! பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்த பூக்காரம்மா, "ஐயோ, ஜொரமாம்மா?" என்று தள்ளிப்போய் நின்றாள்.

இனி பாரிஸ் போன கதை. "பிள்ளையை இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் பழக்குங்கள்" என்று அத்தையிடமும் நீங்கள் சொல்லி வைத்திருந்தீர்களே, அத்தை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் பலகாரம் முடிந்ததும் நான் கைப்பையை மாட்டிக்கொண்டு, "அம்மா பாரிஸ் போயிட்டு வர்றேன்" என்று இலக்கியாவுக்கு டாட்டா காட்டிவிட்டுத் தெருவில் இறங்க வேண்டும். அப்படியே சுற்றிப் பின்பக்கமாகப் போய், பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை அக்காவின் மாட்டுக்கொட்டாயில் மத்தியானம் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் ஒத்திகை. பாஞ்சாலை அக்கா டீ கொண்டு வந்து கொடுத்து, "இன்னாம்மா, பாரிஸ்ல கொசு ஜாஸ்தியா?" என்று கேட்பார். மாடு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கும். ஃபிரெஞ்சு பாடப் புத்தகத்தை அதனிடம்தான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். உச்சரிப்பில் அது குறை ஒன்றும் சொல்லவில்லை.

முதல் நாள் இலக்கியா அழுதாள், தெருவே கூடியது. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் வேலியோரம் விளையாடியவள் என் குரல் கேட்டு உள்ளே நுழைந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, பாரிஸ் இங்கியா இருக்குது?"

பாஞ்சாலை அக்காதான், "ஆமாண்டி கண்ணு, இதான் பாரிஸு. உங்க அத்த கூட இங்கதான் இருக்காங்க" என்று மாட்டைக் காட்டினார். நான் சிரிக்கவில்லை அண்ணி, சத்தியமாக. அன்றிலிருந்து பிள்ளை அழவே இல்லை. "பாத்தியா, பழகிடுச்சி" என்று அத்தைக்கு ஒரே பெருமை. இலக்கியாவும் தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம், "எங்கம்மா பாரிஸ் போறாங்க, அங்க மாடு இருக்குது, சாணி இருக்குது" என்று உங்கள் ஊர்ப் பெருமையைப் பரப்பி வருகிறாள்.

போன வியாழக்கிழமை டிக்கெட் வாங்க நிஜமாகவே பாண்டிச்சேரி போனேன். எனக்கு மட்டும் ஒரு டிக்கெட். திரும்பி வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். வீட்டில் பிள்ளை இல்லை. கொட்டாயில் போய்ப் பார்த்தால், வைக்கோல் மேல் மடியில் தன் செருப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மத்தியானத்திலிருந்து அங்கேதானாம். சோறு ஊட்ட வந்த அத்தையிடம், "அம்மா வரட்டும்" என்று சொல்லிவிட்டாளாம். "அழுதாளா?" என்று கேட்டேன். "ஊஹும், ஒரு சொட்டு கெடையாது" என்றார் பாஞ்சாலை அக்கா. அன்றைக்கு அவர் கேலி பேசவில்லை.

ஆகவே உங்கள் யோசனை பலித்துவிட்டது. நான் தனியாக வருகிறேன். பிள்ளை இனி ஒரு வருஷமும் அழாமல் அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

அண்ணனுக்கு என் வணக்கம். மாமாவும் அத்தையும் உங்களுக்கு ஆயுசும் ஆரோக்கியமும் வேண்டி ஆசி சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத
அம்சவல்லி

பி.கு.: மேலே 'நான் தனியாக வருகிறேன்' என்று எழுதிய வரிகளை அடித்துவிட்டுப் படிக்கவும். நேற்று இலக்கியாவையும் தூக்கிக்கொண்டு மறுபடி பாண்டிச்சேரி போய், அவளுக்கும் டிக்கெட் வாங்கிவிட்டேன். உங்கள் தம்பிக்குப் போனில் சொன்னேன். "நல்லது செஞ்ச அம்சா. ஆனா அக்காகிட்ட நீயே சொல்லிடு" என்றார். சொல்லிவிட்டேன். வாசல் மணி அடித்தால் கதவைத் திறந்து நேராக மட்டும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள் அண்ணி. கொஞ்சம் குனிந்து கீழேயும் பாருங்கள்.