வெள்ளிக்கிழமை கேட்காத கேள்வி

என் மாமனார் நூறு வயது வாழவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்ட அளவுக்கு அவர் பெற்ற பிள்ளைகூட வேண்டியிருக்கமாட்டாள். தென்காசிக் கோயிலில் அவர் பெயருக்கு நான் செய்த அர்ச்சனைகளைப் பார்த்துவிட்டு, மருமகன் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று பட்டரே பாராட்டியிருக்கிறார். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். பயம். கலப்படமில்லாத, முதல்தரமான பயம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் தென்காசியில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தேன். (இருந்தேன் என்பதைவிட அலைந்தேன் என்பதே பொருத்தம்.) இருபத்தாறு வயது. கையில் தோல்பை, கழுத்தில் டை. ரதவீதியில் நான் ஒரு பக்கம் வந்தால் எதிரே வருகிறவர்கள் மறுபக்கத்துக்குத் தாண்டிவிடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. "அண்ணாச்சி, திடீர்னு ஒங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா..." என்று பேச்சை ஆரம்பிக்கிறவன் முகத்தில் காலையில் யார் விழிப்பார்கள்? ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி, நான் படியிறங்கினதும் கடை வாசலில் தண்ணீர் தெளிக்கச் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

அப்போதுதான் மேலகரத்தில் இருந்த என் மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஒரு பஞ்சாலையில் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பர். பென்ஷன் கிடையாது. பிராவிடண்ட் பண்டு என்று ஒரு மொத்தத் தொகை வந்தது. பணம் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். பாவூர்சத்திரத்தில் இருந்த அவருடைய அண்ணன் மகன் ஆறுமுகம், தோட்டத்தில் கிணறு வெட்டக் கொஞ்சம் கொடுங்கள் என்று இரண்டு நாள் தங்கியிருந்து கேட்டான். கடையநல்லூரில் தறி போட ஒருவர், மகளைக் கட்டிக்கொடுக்க ஒருவர். மாமாவோ 'இல்லை' என்ற சொல்லை வாழ்நாளில் உச்சரித்தறியாத மனுஷன்.

"மாப்ளை, இது கையில கெடந்தா ஆறு மாசம் தாங்காது. என்னய நானே நம்ப மாட்டேன். எதாவது வழி சொல்லுங்க" என்றார்.

என்னிடம் வழி இருந்தது. அதற்குப் பெயர் ஆன்யூட்டி. செத்தால் பணம் தருவது இன்ஷூரன்ஸ். சாகாமல் இருந்தால் பணம் தருவது ஆன்யூட்டி. மொத்தப் பணத்தையும் கம்பெனியிடம் கொடுத்துவிடவேண்டும். அப்புறம் மூச்சு இருக்கும் வரைக்கும் மாதாமாதம் ஒரு தொகை வந்துகொண்டே இருக்கும். மூச்சு நின்றால் அதுவும் நின்றுவிடும். கொடுத்த முதலும் திரும்பாது. அண்ணன் மகனே வந்து காலில் விழுந்தாலும் எடுத்துக் கொடுக்கமுடியாது. மாமாவுக்கு அதுதான் பிடித்தது. யோசனை நல்ல யோசனை என்று இன்றைக்கும் சொல்வேன். எழுதின கைதான் கோணல்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பணம் போட்டவர் இருக்கும்வரை மட்டும். இன்னொன்று, அவருக்குப் பிறகு அவர் மனைவி இருக்கும் காலம் வரைக்கும். இரண்டாவதில் மாதத் தொகை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். எது வேண்டும் என்று விண்ணப்பப் பாரத்தில் பதினொன்றாவது கேள்வி கேட்கிறது. அதைப் படித்துக்காட்டிப் பதில் வாங்கி எழுதவேண்டியது ஏஜெண்டின் வேலை. அதற்குத்தான் எனக்குக் கமிஷன்.

நான் பாரத்தை எடுத்துக்கொண்டு போன நாள் வெள்ளிக்கிழமை. அதுவும் ஆடி வெள்ளி. அத்தை எண்ணெய் தேய்த்துக் குளித்து, முகமெல்லாம் மஞ்சள் பூசி, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்துக்கொண்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். என் அத்தை அந்தக் காலத்து மாமியார். மருமகன் முன்னால் வந்து நிற்கமாட்டார், நேராகப் பேசமாட்டார். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் சொன்னதெல்லாம் கதவிடம் சொன்னதுதான். "இன்னும் ரெண்டு தோச வச்சுக்கிடச் சொல்லு" என்று கதவு சொல்லும். "போதும்" என்று நானும் கதவுக்கே பதில் சொல்வேன்.

பத்துக் கேள்வியும் மளமளவென்று முடிந்தன. பதினொன்றுக்கு வந்தேன்.

"மாமா, ஒங்களுக்குப் பெறவு..." என்று ஆரம்பித்தேன்.

கதவுக்குப் பின்னால் கண்ணாடி வளையல் சத்தம் சட்டென்று நின்றது. என் மனைவி உலகம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் அந்த டை தானாகவே இறுகியது. எங்கள் ஊரில் பேச்சுக்குப் பேச்சு 'சவத்த விடு', 'சவத்த எடுத்து அங்கன வை' என்பார்கள். அதெல்லாம் மங்கலமான பேச்சு. ஆனால் சுமங்கலி காதுபட, வெள்ளிக்கிழமையன்று, அவள் புருஷனிடம் 'உங்களுக்குப் பிறகு' என்று ஒருவன் சொன்னால் அவன் மனுஷப் பிறவியே இல்லை. அதிலும் மருமகன்.

"என்ன மாப்ளை, என்னமோ கேக்க வந்திய, முழுங்கிட்டிய?" என்றார் மாமா.

"ஒண்ணுமில்ல மாமா. ஒங்களுக்குப் பெறவு... நான் கையெழுத்துப் போடணும், அதச் சொன்னேன்" என்றேன்.

பதினொன்றாவது கேள்விக்கு நானாகவே 'அவர் ஆயுள் மட்டும்' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். ஏன் அந்தக் கட்டம்? மாதத் தொகை அதில்தான் கூடுதலாக இருந்தது, மாமா சந்தோஷப்படுவார். மற்றக் கட்டத்தில் கோடு போட்டால் மனைவியின் பெயர், வயது, அங்க அடையாளம் எல்லாம் கேட்கவேண்டும். கதவுக்கு ஏது அங்க அடையாளம்? இவ்வளவுதான் என் நிதி ஆலோசனை.

பத்திரம் வந்தது. மாமா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேலகரம் முழுவதும் காட்டினார். "எம் மருமவன் செஞ்சது. நான் இருக்க மட்டும் அரசன் மாதிரி இருப்பேன்" என்று வீடுவீடாகச் சொன்னார். அந்த 'இருக்க மட்டும்' என்ற சொல் எனக்குள் எங்கேயோ போய்த் தைத்தது. மறுநாளே திருநெல்வேலி ஆபீசுக்குப் போய் மானேஜரிடம், ஒரு கோட்டை மட்டும் அடித்துத் திருத்தலாமா என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அவருக்குச் சம்சாரம் இருக்கா?" என்றார். இருக்கிறார் என்றேன். "இருந்தும் இப்பிடியா எழுதினே? பத்திரம் ஆயாச்சு தம்பி. இனி பிரம்மாதான் திருத்தணும்" என்றார். திரும்பி வரும் ரயிலில் நான் உட்காரவே இல்லை.

அத்தைக்கு மாமாவைவிடப் பத்து வயது குறைவு. அவருக்கு வேறு சொத்து கிடையாது, மகன் கிடையாது. என் மனைவி ஒரே மகள். அன்றிலிருந்து மாமாவின் உயிருக்கு நான் காவல்காரனானேன்.

மாமாவோ காவலுக்கு அடங்காத ஆசாமி. தினமும் விடிவதற்கு முன் மேலகரத்திலிருந்து குற்றாலத்துக்கு நடந்து, பேரருவியில் தண்ணீர் எந்த இடத்தில் ஓங்கி விழுகிறதோ அந்த இடத்தில் தலையைக் கொடுத்து நிற்பார். 'முப்பது வருஷம் பஞ்சுத் தூசியைத் தின்ன நெஞ்சு, இதுல கழுவுனாத்தான் ஆறும்' என்பார். நான் மப்ளர் வாங்கிக் கொடுத்தேன். அதை வாழைக்குலைக்குச் சுற்றினார். செண்பகாதேவி அருவிக்கு ஏறினால் நானும் பின்னால் ஏறினேன். அவர் இரண்டு தும்மல் போட்டால் நான் டாக்டர் வீட்டு வாசலில் நின்றேன். ஊர் என்னை மெச்சியது. மெச்ச மெச்ச நான் மெலிந்தேன். உண்மையைச் சொல்லத் தைரியமில்லை. சொல்லாமல் சோறு இறங்கவில்லை. அந்த ஒரு வருஷத்தைப்போல நான் என்றைக்கும் நொந்துபோனதில்லை.

அடுத்த ஆடியில் சாரல் நன்றாக விழுந்தது. குடும்பத்தோடு குற்றாலம் போனோம். மாமா, அத்தை, உலகம்மாள், நான். பாவூர்சத்திரத்திலிருந்து ஆறுமுகமும் வந்து சேர்ந்துகொண்டான். மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆண்கள் பக்கம் அருவிக்குள் போனார். நான் கரையில் நின்று அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறுமுகம் சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கி வந்து நீட்டினான். ஒன்றே ஒன்று தின்றேன். அந்த நேரத்தில் அருவியின் சத்தம் மாறியது. மலையில் மழை. தண்ணீர் செம்மண் நிறத்தில் திரண்டு விழுந்தது. போலீஸ்காரர் விசில் ஊதினார். அத்தனை பேரும் அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். மாமா வரவில்லை.

பார்த்தால், அவருடைய துண்டு மட்டும் தண்ணீரில் சுழித்துக்கொண்டு போகிறது.

அதற்கப்புறம் நடந்ததை நான் நினைவு வைத்திருக்க விரும்பவில்லை. பார்த்தவர்கள் விட்டால்தானே! சேற்றில் அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். "ஐயோ மாமா, போயிட்டியளே! அத்த, ஒங்களுக்கு இனி அஞ்சு காசு வராதே! அவுகளுக்குப் பெறவு ஒங்களுக்குக் கெடைக்காத மாதிரி நான்தான் எழுதிட்டேன்! வெள்ளிக்கெழமையாச்சேன்னு கேக்கலியே, கேக்காமலே எழுதிட்டேனே!" என்று மலை எதிரொலிக்கக் கத்தினேன். சுற்றிலும் நூறு பேர் நின்றார்கள். அவர்களில் பாதிப்பேர் நான் இன்ஷூரன்ஸ் சேர்க்கலாம் என்று நோட்டம் விட்டிருந்தவர்கள்.

"யாருக்குலே ஒண்ணும் வராது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

மாமா. இடுப்பில் கோவணம், உடம்பெல்லாம் வழியும் எண்ணெய். தண்ணீர் கூடுவதற்கு முன்பே, நான் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், துண்டைப் பாறையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்து மரத்தடியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாராம். மருமகனை மாமனார் 'லே' போட்டுப் பேசுவது எங்கள் பக்கம் நடக்காத காரியம். அன்று நடந்தது. அவர் உயிரோடு இருந்ததில் எனக்கு வந்த சந்தோஷம் அந்த ஒரு எழுத்தில் வடிந்துவிட்டது.

ஆறுமுகம் மெதுவாகச் சொன்னான்: "சித்தப்பா, பேசாம கெணறு வெட்டியிருந்தா சித்திக்குத் தண்ணியாவது மிஞ்சியிருக்கும்."

வாடகை மாட்டுவண்டியில் மேலகரம் வந்து சேர்ந்தோம். மாட்டுக்குக்கூட வண்டிக்காரர் குரல் கொடுக்கவில்லை. வீட்டுக்குள் போனதும் அத்தை அடுக்களைக்குப் போகாமல் என் எதிரே வந்து நின்றார். அவர் முகத்தை முழுசாக அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வெள்ளிக்கெழம கேக்கக் கூடாதுன்னா, சனிக்கெழம வந்து கேட்டிருக்கலாம்லா மாப்ளை?" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையிலேயே சந்தேகம் கேட்பதுபோல் கேட்டார். வாரத்தில் இன்னும் ஆறு நாள் இருக்கிறது என்பது அந்தக் கணம் வரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது ஒரு விஷயத்தைக் கேட்கக் கூச்சப்பட்டு மென்று முழுங்கினால், "சரி, சனிக்கெழம கேளு" என்பார்கள். பேரன் பேத்திகளுக்குக்கூட இது மனப்பாடம்.

சிரிப்பதற்கு இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மறுநாள் விடியலில் மாமா குற்றாலத்துக்குப் போகவில்லை. வீட்டுக் கிணற்றில் வாளியால் இறைத்துக் குளித்தார். அதற்கு மறுநாளும் அப்படியே. "போயிட்டு வாங்களேன், அருவி நல்லா விழுதாம்" என்று அத்தை சொன்னதற்கு, "ஏட்டி, நான் வழுக்கி விழுந்தா ஒனக்குச் சோறு யாரு போடுவா?" என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் வாங்கிக்கொடுத்த மப்ளரைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டார். சாரல் காலத்தில் ஊரெல்லாம் ஈரத்துண்டோடு திரும்பி வரும்போது, அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னைக்குத் தண்ணி எப்பிடி?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருப்பார். நான் அந்தத் தெருவழியாகப் போவதை நிறுத்தினேன். பிறகு ஏஜெண்டு வேலையையும் நிறுத்தினேன். நிறுத்தினேன் என்பது கௌரவத்துக்குச் சொல்வது. குற்றாலத்தில் நான் வைத்த ஒப்பாரிக்குப் பிறகு எவன் என்னிடம் பாரம் நிரப்புவான்?

அவ்வளவு பத்திரமாக இருந்தும் நான்கு வருஷம்தான் இருந்தார். ஒரு மத்தியான நேரம், கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே போய்விட்டார். தும்மல்கூட இல்லை. அருவிக்கே போயிருக்கலாம். நான் அழுதேன். எத்தனை பங்கு அவருக்காக, எத்தனை பங்கு அந்தக் கோட்டுக்காக என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

காரியம் முடிந்ததும் அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு தென்காசியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அதற்குள் பாவூர்சத்திரத்தில் ஒரு காய்கறி மண்டியில் சரக்கு எழுதும் வேலையில் சேர்ந்திருந்தேன். காலையில் பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். அத்தை இருபத்திரண்டு வருஷம் எங்களோடு இருந்தார். கதவுக்குப் பின்னால் நிற்பதை விட்டுவிட்டார். நேராகவே பேசுவார், நேராகவே சோறு போடுவார். அக்கம்பக்கத்துப் பெண்கள் யாராவது வந்து, "அண்ணாச்சி மில்லுல இருந்தாகளே, ஒங்களுக்கு மாசம் எதும் வருதா ஆச்சி?" என்று விசாரித்தால், அத்தை வெற்றிலையை மடித்தபடி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொல்வார்:

"வருதே. தெனமும் ஆறு மணி பஸ்ஸுல எறங்கி, பைய நடந்து வரும்."