ஃப்ரிட்ஜுக்குக்கூட நெட்டா?

குவீன்ஸ்லாந்து வீரன் பந்தோடு எல்லைக் கோட்டை நோக்கிப் பாய்ந்தான். பாய்ந்தவன் அந்தரத்திலேயே நின்றான். கம்ப்யூட்டர் திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

"அடப்பாவிகளா!" என்று மெர்வ் துள்ளி எழுந்தார். நியூ சவுத் வேல்ஸோடு கடைசி ரக்பி ஆட்டம். இன்று ஜெயித்தால்தான் கோப்பை. குவீன்ஸ்லாந்தின் டவுன்ஸ்வில் ஊரே திரை முன்னால் உட்கார்ந்திருக்க, அவருக்கு மட்டும் வட்டம்!

"எல்லாம் பக்கத்து வீட்டு கேவின் வேலை. நம்ம நெட்டைத் திருடுறான்."

மனைவி நோலீன் சாஸேஜைப் புரட்டிக்கொண்டே, "பாவம், நல்ல மனுஷன்" என்றாள்.

"நியூ சவுத் வேல்ஸ்காரன்ல ஏது நல்லவன்? சூறாவளியில சாய்ஞ்ச வேலியை இன்னும் நிமிர்த்தல அவன்!"

"அது நம்ம வேலிங்க."

மெர்வ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வைஃபையில் யார் யார் தொத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டி, வேண்டாதவர்களைத் துரத்திவிடும் மென்பொருள் ஒன்றை இறக்கினார். அது கேட்டதற்கெல்லாம் படிக்காமலே 'சரி' போட்டு நிறுவினார்.

"இங்க வந்து பாரு! ஒரு டிவி, ரெண்டு போன், ஒரு ஃப்ரிட்ஜ்! ஃப்ரிட்ஜுக்குக்கூட என் நெட்டா? இவனுக்கெல்லாம் வெட்கமே கிடையாதா?"

எல்லாவற்றையும் துரத்தினார். "ஐயோ, டிவி போச்சே!" என்று வேலிக்கு அப்பால் அலறல் கேட்டது.

"கையும் களவுமா மாட்டினான் பாத்தியா!"

படம் பளிச்சென்று ஓடியது. ஆனால் முழுப் பதிப்பை வாங்கச் சொல்லி அந்த மென்பொருளின் விளம்பரம் பாதித் திரையை மறைத்தது. மூடினால் இன்னும் இரண்டு வந்தன. மெர்வுக்குக் கோபம் தலைக்கேறியது. மென்பொருளையே நீக்கினார்.

அது போகிற போக்கில், கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருந்த வைஃபை பாஸ்வேர்டையும் துடைத்துவிட்டுப் போனது. திரை இருண்டது. தடை நீங்கியதால் பக்கத்து வீட்டில் டிவி உயிர்பெற்று, கூடவே ஓர் ஆரவாரம் எழுந்தது.

"திருடனுக்குப் படம் ஓடுது, எனக்கு ஓடல! இதென்ன நியாயம்? நோலீன், நம்ம பாஸ்வேர்டு என்ன?"

"நீங்கதானே போட்டீங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

நாயின் பெயரைப் போட்டார். மனைவியின் பெயரைப் போட்டார். எதற்கும் அது அசையவில்லை. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. மானத்தை விழுங்கிக்கொண்டு வேலியோரம் போய் நின்றார். நியூ சவுத் வேல்ஸ் அணியின் நீலச் சட்டையில் கேவின் எட்டிப் பார்த்தார்.

"கேவின்... உன் வைஃபை பாஸ்வேர்டைக் கொஞ்சம் குடேன். ஆட்டம் முடியுற வரைக்கும்தான்."

கேவின் விழித்தார்.

"ஏன்யா, சூறாவளியில உன் நெட் பெட்டி நனைஞ்சு செத்தப்ப, 'ரெண்டு நாளைக்குத்தான்'னு இதே இடத்துல நின்னு வாங்கிட்டுப் போனியே, அதுக்கப்புறம் நான் அதை மாத்தவே இல்லையே!"