எதுல நானா தடுத்த ஜெலி

இலங்கை மலையகத்து லிந்துலைக் கடைத்தெருவில் எந்தத் தின்பண்டமும் 'எதுல' நானாவின் விசாரணைக்குத் தப்பியதில்லை. மளிகைக்கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன்; எங்கள் பக்கம் 'நானா' என்போம். அவருடைய நிஜப்பெயர் அவர் வீட்டாருக்காவது தெரியுமா என்பது சந்தேகம். டின்னோ பெட்டியோ, எது வந்தாலும் முதல் கேள்வி, "இது எதுல செஞ்சது?" பதில் தெரியாவிட்டால் சரக்கு வாசலைத் தாண்டாது.

ஒருமுறை ஜெலித் தூள் விற்க வந்தவர் வசமாக மாட்டினார். "பழத்துல செஞ்சது நானா" என்று சொல்லிப் பார்த்தார். நானா விடவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு ஸ்டேஷன் வரைக்கும் பின்னாலேயே போனார். ரயில் நகர்ந்த பிறகுதான் அந்த மனுஷனுக்குத் தைரியம் வந்தது. "எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கிற பசைங்க! மாடா பன்னியான்னு எனக்கே தெரியாது, ஆளை விடுங்க!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். அன்றிலிருந்து நானா கடையில் ஜெலி கிடையாது.

இதைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன், அந்த மாசி மாதம் வரை. எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் எனக்கு, மன்மதன் மனைவி ரதியின் வேஷம். மீசையை எடுத்து, கையில் காப்பும் கட்டியாயிற்று. கூத்து முடியும்வரை கவிச்சி வாயில் படக்கூடாது. பட்டால் வேஷம் போகும். தோட்டத்தில் யாருக்குத் தலைவலி வந்தாலும் பழி என் தலையில்தான்.

அப்போது கடைத்தெருவுக்கு மேலே, மேட்டில் இருந்த தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் வீட்டில் மகளுக்குப் பிறந்தநாள். சிவப்பாகப் பளபளவென்று எதையோ கிண்ணத்தில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகிறேன். சீனி கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்த நானா வாசலிலிருந்தே அலறினார்.

"தம்பி, கீழ வைங்க! கையில காப்பு இருக்கு!"

"பழம்தானே நானா, டப்பாவுல படம் போட்டிருக்கு" என்றார் கிளாக்கர்.

"பழம் இப்பிடி ஆடுமாங்க ஐயா? எலும்புங்க, எலும்பு!"

அத்தனை கரண்டிகளும் ஒன்றாகக் கீழே இறங்கின. கிளாக்கர் முகம் ஜெலியைவிடச் சிவந்தது. நான் மட்டும் கிண்ணத்தை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

நானாவுக்கு அது பொறுக்கவில்லை போலிருக்கிறது. வீட்டுக்கு ஓடி, ஒரு தட்டோடு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். சீனி போட்டுக் காய்ச்சி உறையவைத்த கடல்பாசி. அதுவும் ஆடியது.

"இது எதுல செஞ்சது நானா?" என்றேன்.

அவரிடமே அந்தக் கேள்வியை ஒருவன் கேட்டுவிட்டான்! மனுஷனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "கடல்ல மொளைக்கிறது தம்பி. எலும்பும் இல்ல, தோலும் இல்ல. நம்பிச் சாப்பிடுங்க."

தட்டை வழித்துச் சாப்பிட்டேன். காப்பும் பிழைத்தது, ரதியும் பிழைத்தாள்.

அது அவர்களுக்கு நோன்பு மாதம். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல்தான் நானா அந்த மேட்டில் ஓடி ஏறியிருக்கிறார். நான் தின்றது அவர் நோன்பு திறக்க எடுத்துவைத்திருந்த பங்கு. அவர் மனைவிதான் பிறகு சொன்னார்: "பேரீச்சம்பழத்த வாயில போட்டுக்கிட்டு, 'அந்தத் தம்பி விரதம் தப்பிச்சிருச்சு'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க."

இன்றைக்கும் விரதம் என்று உட்கார்ந்து கண்ணை மூடினால், சாமிக்கு முந்தி எனக்கு நானாவின் முகம்தான் வருகிறது.